விலகிப் போகும் உரிமை: பளியர் மலையும் காங்கோ காடும்

1906 செப்டம்பரில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஒரு மனிதரைக் குரங்குக் கூண்டில் வைத்துக் காட்சிப்படுத்தினார்கள். அவர் பெயர் ஓட்டா பெங்கா. காங்கோ மழைக்காட்டைச் சேர்ந்த இளைஞர். கறுப்பினக் கிறித்தவப் போதகர்கள் கடுமையாக எதிர்த்த பிறகுதான் அந்தக் காட்சி நின்றது. சொந்த மண்ணுக்குத் திரும்பும் வழி இல்லாமல் 1916-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதே 1906-இல்தான் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்த மதுரை மாவட்ட கெசட்டியர் வெளிவந்தது. இன்றைய திண்டுக்கல், தேனி மாவட்டங்களும் சேர்ந்திருந்த பழைய மதுரை மாவட்டம் அது. பழனி மலையிலும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கிலும் சிறுசிறு கூட்டங்களாக வாழ்ந்த பளியர்களை அந்த நூல் மிகவும் பின்தங்கிய மக்கள் என்று சில வரிகளில் எழுதி முடித்துவிட்டது.

அங்கே இரும்புக் கூண்டு. இங்கே அச்சிட்ட பத்தி. இரண்டுக்கும் பின்னால் இருந்த பார்வை ஒன்றுதான்: 'இவர்கள் இன்னும் வளராத மனிதர்கள்.' நூறு ஆண்டு கழிந்தும் அந்தப் பார்வை நம் அலுவலகங்களிலும் பாடப்புத்தகங்களிலும் அப்படியே இருக்கிறது. நம் இயக்கக் கூட்டங்களிலும்கூட அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மதுரைக்குப் பக்கத்து மலையில்

பளியர்கள் எங்கோ தொலைவில் இருப்பவர்கள் அல்ல. வாடிப்பட்டியில் நின்றால் தெரிகிற சிறுமலை, அதற்கு அப்பால் பழனி மலை, மேற்கே வருசநாடு, தெற்கே சதுரகிரி என்று மதுரைச் சமவெளியைச் சுற்றி நிற்கும் மலைகள் எல்லாமே அவர்கள் வாழிடம். மதுரை குடிக்கிற வைகைத் தண்ணீர் பிறப்பது அவர்கள் மலையில். அவர்கள் பேசுவதும் தமிழ்தான்.

காட்டில் வாழ்ந்த காலத்தில் பளியர்களின் முதன்மை உணவு காட்டுவள்ளிக் கிழங்கு. குச்சியால் தோண்டி எடுத்துச் சுட்டோ அவித்தோ தின்பார்கள். கூடவே தேன், கீரை, பழம், மீன், வேட்டைக்கறி. பாறைக் குகையிலோ புல் வேய்ந்த சிறு குடிசையிலோ தங்குவார்கள். கிழங்கு குறைந்தால் இடம் மாறுவார்கள்.

ஆப்பிரிக்காவின் கேமரூன் காடுகளில் வாழும் பாக்கா மக்களுக்கும் காட்டுவள்ளி முக்கிய உணவு. கிழங்கைத் தோண்டி எடுத்ததும் கொடியின் தலைப்பகுதியை மறுபடி குழியில் வைத்து மண் மூடிவிட்டுப் போவார்கள். அடுத்த பருவத்தில் அது திரும்ப விளையும். உழவு தெரியாதவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் உழாமலே விளைவிக்கத் தெரிந்தவர்கள்.

பாக்கா, இம்புட்டி, ஆக்கா, பட்வா என்று அவர்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. வெளியுலகம் எல்லோரையும் 'பிக்மி' என்ற ஒரே சொல்லில் அடைத்தது. கிரேக்க மொழியில் முழங்கையிலிருந்து கைமுட்டி வரையான அளவைக் குறிக்கும் சொல் அது. உயரத்தை வைத்து ஒரு மக்களுக்குப் பெயரிடுவது எத்தகைய இழிவு என்பதைச் சாதிப்பெயரைச் சொல்லி அழைக்கப்பட்ட நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தலைவன் இல்லாத சமூகம்

1982-இல் ஜேம்ஸ் உட்பர்ன் என்ற மானுடவியலாளர் சமத்துவச் சமூகங்கள் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். சொத்திலும் அதிகாரத்திலும் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய இல்லாத சமூகங்கள் என உலகம் முழுவதும் தேடி விரல்விட்டு எண்ணக்கூடிய சில மக்களையே அவர் பட்டியலிட்டார். அதில் காங்கோவின் இம்புட்டி இருக்கிறார்கள். தான்சானியாவின் ஹட்சா இருக்கிறார்கள். நம் பளியர்களும் இருக்கிறார்கள். சாதி அடுக்கின் மிகக் கொடிய வடிவங்கள் நிலவிய சமவெளியை ஒட்டிய மலையில், உலகின் மிகச் சமத்துவமான சமூகங்களில் ஒன்று வாழ்ந்திருக்கிறது. மதுரையில் படிக்கும் எத்தனை மாணவர்களுக்கு இது தெரியும்?

1962 முதல் 1964 வரை பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்தவர் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர். அவர் பதிவு செய்தவற்றில் ஒரு சொல் முக்கியமானது: தரக்குறைவு. பிறரை மட்டம் தட்டுவது, கட்டளையிடுவது, கை ஓங்குவது எல்லாமே பளியர்களுக்குத் தரக்குறைவு. கணவன் மனைவிக்குச் செய்தாலும் தரக்குறைவுதான், பெரியவர் குழந்தைக்குச் செய்தாலும் தரக்குறைவுதான். கூட்டாக வேட்டையாடினால் கறி சமமான கூறுகளாகப் பிரியும். பரம்பரைத் தலைவர் என்று யாரும் இல்லை. மண உறவிலும் பிடிக்கவில்லை என்றால் ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

சண்டை வந்தால்? அங்கே பஞ்சாயத்து கிடையாது, அபராதம் கிடையாது, ஊர்விலக்கும் கிடையாது. மனம் கசந்தவர் எழுந்து வேறு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிடுவார். கோபம் ஆறியதும் திரும்பி வருவார், வராமலும் இருப்பார். ஆள விரும்புகிறவனுக்குக் கீழ்ப்படிய ஆள் இல்லாமல் போனால் ஆட்சி எங்கிருந்து வரும்? விலகிப் போவதுதான் அவர்களின் அரசியல் சட்டம்.

இதைப் பொற்காலக் கதையாக்க வேண்டாம். பசி இருந்தது, நோய் இருந்தது, குழந்தைச் சாவு இருந்தது. மருத்துவமும் பள்ளியும் அவர்கள் உரிமை, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் சமத்துவத்தை அவர்களுக்கு நாம் போய்க் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

இரண்டு முகம்

சமவெளிக்காரர் பளியரைப் பற்றிச் சொல்லும் முதல் வார்த்தை 'கூச்ச சுபாவம்' என்பதாக இருக்கும். அடுத்தது 'பயந்தாங்கொள்ளி'. வியாபாரியின் முன்னால், தோட்ட முதலாளியின் முன்னால், வனக்காவலரின் முன்னால் தலைகுனிந்து 'சரிங்க சாமி' என்று நிற்பவரை மட்டுமே அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

கார்ட்னர் பார்த்தது வேறு. சமவெளி ஓரத்தில் பணிந்து நிற்பதும் காட்டுக்குள் யாருக்கும் பணியாமல் வாழ்வதும் பளியர்களின் இரண்டு வாழ்முறைகள். தேவைக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்வார்கள். காங்கோவின் இட்டூரி காட்டு இம்புட்டிகளைப் பற்றி 1961-இல் எழுதிய காலின் டர்ன்புல்லும் இதையே சொன்னார். விவசாயிகளின் கிராமத்துக்கு வரும்போது வேலைக்காரர்களைப் போல நடந்துகொள்ளும் இம்புட்டிகள், காட்டுக்குள் நுழைந்ததும் தங்களுக்குத் தாங்களே எசமானர்கள் ஆகிவிடுவார்கள். குனிவது கோழைத்தனத்தால் அல்ல. திரும்பிப் போக ஒரு காடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட வேடம்.

காடு பூட்டப்பட்டபோது

1882-இல் வந்த சென்னை வனச்சட்டம் காட்டை அரசு சொத்தாக்கியது. மலைச்சரிவுகள் காப்பி, ஏலத் தோட்டங்களாயின. தேன், கடுக்காய், சீயக்காய், கல்பாசி எடுக்கும் உரிமை ஏலம் போய்க் குத்தகைக்காரர் கைக்கு மாறியது. தன் காட்டுத் தேனைத் தானே எடுத்துக் குத்தகைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுக்கும் கூலியானார் பளியர். முன்பணம் வாங்கித் தோட்டத்துக்குள் முடங்கிய குடும்பங்கள் பல. பிறகு சரணாலயங்கள் வந்தன. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது.

விலகிப் போவதை அரசியல் சட்டமாகக் கொண்ட மக்களுக்கு விலகிப் போக இடமில்லை என்றால் என்ன ஆகும்? இரண்டு முகங்களில் குனிந்த முகம் மட்டுமே மிஞ்சும்.

இது வெறும் ஊகமல்ல. உகாண்டாவில் கொரில்லாக்களைக் காக்க 1991-இல் பிவிண்டி, இம்காகிங்கா தேசியப் பூங்காக்கள் அமைக்கப்பட்டபோது பட்வா மக்கள் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். நிலம் இல்லாமல் பிறர் வயலில் கூலிகளாக நின்றார்கள். 2021-இல்தான் உகாண்டாவின் அரசமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்றது. காங்கோவின் கஹுசி-பியேகா பூங்காவிலிருந்து 1970-களில் விரட்டப்பட்ட பட்வாக்களுக்கு ஆதரவாக ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தின் முடிவு வெளியானது 2024-இல். அரை நூற்றாண்டு கழித்து.

நுழைவதும் விலகுவதும்

நம் வரலாறு பெரும்பாலும் நுழைவதற்கான போராட்டம். 1927-இல் மகத் குளம். 1939-இல் மதுரை மீனாட்சி அம்மன் கோயில். தெரு, குளம், கோயில், பள்ளி, அலுவலகம் என்று மூடிய கதவுகளைத் தட்டித் திறந்தோம். பளியர்களின் வரலாறு விலகி நிற்கும் சுதந்திரத்தின் வரலாறு. இரண்டும் எதிரெதிர் போலத் தெரியலாம். ஆனால் இரண்டும் மறுப்பது ஒன்றைத்தான்: ஒரு மனிதன் இன்னொருவன் முன் குனிந்து நிற்க வேண்டும் என்ற விதியை.

பாபாசாகேப் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் பழங்குடிகளின் நிலையைப் பேசும்போது, பழியைப் பழங்குடிகள்மீது போடவில்லை, சாதி இந்துக்கள்மீது போட்டார். தன் சாதியைக் காப்பதிலேயே குறியாக இருப்பவனால் பிறரைச் சகோதரராக ஏற்க முடியாது என்பது அவர் வாதம். பழங்குடி வாழ்வை நாகரிகமற்ற நிலை என்ற அவர் காலத்துச் சொல்லை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவர் உயிரினும் மேலாக மதித்த சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் பளியர் குடியிருப்பில் நடைமுறையில் இருந்தன என்பதை அதே நூலோடு சேர்த்துப் படிப்போம்.

என்ன செய்யலாம்?

முதலில் சாதிச்சான்று. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரே சான்று தருகிறார். பழங்குடியினர் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். ஓர் அலுவலகத்தில் பளியர் தாய் ஒருவரிடம், "என்னம்மா, செருப்பு போட்டிருக்க, நல்லா பேசுற, நீ எப்படிப் பளியர்?" என்று கேட்டதை நான் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். குனிந்தால்தான் பழங்குடியாம்! அந்த வரிசையில் அவர்களோடு போய் நிற்கச் சட்டம் தெரிந்த இளைஞர்கள் வேண்டும்.

இரண்டாவது, பட்டியல். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு சமூகங்களே நலிவுற்ற பழங்குடிகளாக ஏற்கப்பட்டுள்ளன. பளியர் அதில் இல்லை. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய 'ஜன்மன்' திட்டம் அந்தப் பட்டியலுக்கானது என்பதால் அதுவும் அவர்களுக்கு இல்லை.

மூன்றாவது, வன உரிமைச் சட்டம், 2006. இதைக் கவனமாகப் படியுங்கள் தோழர்களே. பிரிவு 3(1)(இ) வாழிட உரிமையை நலிவுற்ற பழங்குடிகளுக்கு மட்டும் தரவில்லை, 'வேளாண்மைக்கு முந்தைய சமூகங்களுக்கும்' தருகிறது. கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்த பளியரைவிட அந்தச் சொல்லுக்குப் பொருத்தமானவர் யார்? சிறுவன மகசூலின்மீதான உரிமையைப் பிரிவு 3(1)(சி) தருகிறது. புலிகள் காப்பகம் என்பதால் இந்த உரிமைகள் தானாக அழிந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016-இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதற்குப் பிறகும் தாமதிக்க என்ன காரணம்?

விண்ணப்பத்துக்கு ஆவணம் இல்லையே என்று கைவிட வேண்டாம். ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதிப் பதிவு செய்தால் அதுவும் சாட்சியம் என்கின்றன இச்சட்டத்தின் விதிகள். சாமி இருக்கும் பாறை, முன்னோரைப் புதைத்த இடம் ஆகியவையும் சாட்சியமே.

ஆகவே மலைக்குப் போகும்போது மேடையும் மைக்கும் வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும். எந்தச் சரிவில் தேன், எந்த ஓடையோரம் கிழங்கு, எந்தப் பாறையில் சாமி என்று பாட்டிகளும் தாத்தாக்களும் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். கிராம சபையில் எதை முன்வைப்பது, யார் பேசுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். நாம் பின்வரிசையில் உட்காரலாம்.

ஜெய் பீம்!