ஸ்ரீவில்லிபுத்தூர்–ராஜபாளையம் வட்டாரப் பள்ளிக் கல்வி

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மலையடிவாரத்தில் உள்ள இவ்விரு ஊர்களையும் சூழ்ந்த அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் கல்வி. 1985-இல் உருவான இம்மாவட்டம் பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் நெடுங்காலம் மாநிலத்தின் முன்வரிசையில் நின்றது. 2023 பிளஸ் டூ தேர்வில் 97.85 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது. மில், விசைத்தறி, பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஈட்டிய பெருமை இது. ஆயினும் 2018-இல் ஒன்றிய அரசு இதே மாவட்டத்தை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் சேர்த்தது. தேர்ச்சியை மட்டும் வைத்து வளத்தை அளக்க முடியாது.

நிதியைப் பொறுத்தவரை, உதவிபெறும் பள்ளிகளின் அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களுக்கும் ஊதியம் தருவது மாநில அரசே. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நிதியை ஒன்றியமும் மாநிலமும் 60:40 எனப் பகிர வேண்டும். பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்ட ஒப்பந்தம் குறித்த பிணக்கில், 2024-25-க்குத் தமிழகத்துக்குரிய ஒன்றியப் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் பணத்தைப் பிணையாக்கியது அநீதி.