வில்லியனூர் கணினிகளும் வீராம்பட்டினம் ஒலிபெருக்கியும்

ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு வீட்டுக் கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதி சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது 2001ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகுதான். கூடவே தலைவலியும் வந்தது. எக்ஸ்பி ஹோம் பதிப்பு போட்ட கணினியை இந்த வசதியால் வெளியிலிருந்து பிடிக்கவே முடியாது, புரொபஷனல் வேண்டும். ஃபயர்வால் 3389 என்ற போர்ட்டை அடைத்து வைத்திருக்கும். அதைத் திறந்துவிட்டால் ரவுட்டர் குறுக்கே நிற்கும். ரவுட்டரையும் சரிக்கட்டினால் மறுநாள் ஐபி முகவரி மாறியிருக்கும்! இரண்டு கணினிகளும் நன்றாகத்தான் இருக்கும், கோளாறு பெரும்பாலும் நடுவழியில்.

இந்த நடுவழிப் பிரச்சினை புதுச்சேரிக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு இல்லை, ஊருக்கு ஊர்.

1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி அமைப்பின் உதவியோடு, புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. (தூரத்துக் கணினியின் திரையை இங்கே காட்டும் விஎன்சி மென்பொருளை கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்று வெளியிட்டதும் அதே 1998ல்தான்.) நகரத்துக்கு மேற்கே உள்ள வில்லியனூர்தான் நடுநாயகம். அங்கே தொலைபேசி வழியாக டயல்-அப் இணையம் உண்டு. வந்த தகவலைத் தமிழாக்கி எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் இருந்த கணினிகளுக்கு அனுப்ப வேண்டும். கீழூரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு சேரலாமா என்று 1954 அக்டோபர் 18ல் 178 பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டு, 170 பேர் சேரலாம் என்று சொன்ன ஊர்.

சரி, எப்படி அனுப்புவது? கிராமங்களில் தொலைபேசி குறைவு, இருந்த லைனும் நம்பும்படி இல்லை. டயல்-அப் மோடத்துக்கோ லைனில் லேசாக இரைச்சல் இருந்தாலே போதும், இணைப்பு அறுந்துவிடும். பாதியில் நின்ற கோப்பை மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டியதுதான்.

அவர்கள் கண்டுபிடித்த வழி விஎச்எஃப் ரேடியோ. போலீஸ் வண்டிகளில் கரகரவென்று பேசுமே, அந்த வகைதான். அதையே கணினியோடு இணைத்து, பேச்சோடு டேட்டாவையும் அனுப்பினார்கள். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும், நடுவில் மலை வந்தால் தடுமாறும். புதுச்சேரியைச் சுற்றி மலைக்கு எங்கே போவது? எல்லாம் வயலும் ஏரியும் கடற்கரையும்தான். வேகம் குறைவு என்பது உண்மை. ஆனால் கம்பி அறுந்துபோகும் பேச்சே இல்லை. கணினியில் ஏதாவது சிக்கல் என்றால் அதே கருவியில் கேட்டுக்கொள்ளவும் வழி இருந்தது. மின்வெட்டுக்கு சூரிய ஒளித் தகடுகளை வைத்தார்கள்.

இன்னொரு நடுவழித் தடையும் இருந்தது, அது மின்சாரத்தாலோ அலையாலோ வந்ததல்ல. மையம் தலித் மக்கள் உட்பட எல்லோரும் நுழையக்கூடிய பொது இடத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே மையம் அமைந்தது. கோயில் வாசலில் யார் யார் நுழையலாம் என்பதற்கு ஊர்க் கட்டுப்பாடு இருந்தது, மையத்தின் வாசலில் அது இல்லை. ரேடியோ வாங்கியதைவிட இதுதான் பெரிய வேலை என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆடித் தேருக்குப் பேர்போன வீராம்பட்டினம் மீனவ ஊர். நெல் விலையைவிட அவர்களுக்கு முக்கியம், நாளைக்கு அலை எவ்வளவு உயரம் என்பது. வில்லியனூரில் இருந்தவர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை, காற்று விவரத்தை எடுத்து, தமிழில் குரலாகப் பதிந்து அனுப்பினார்கள். அதை வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். பிரெஞ்சுக்காரன் ஆண்ட கரையில் அமெரிக்கன் கணித்த அலையைத் தமிழில் கேட்டுவிட்டு கட்டுமரம் இறங்கியது! கணினியைத் தொட்டே பார்க்காதவருக்கும் அந்த இணைப்பு போய்ச் சேர்ந்தது.

இப்படி மையம் அமைந்த இன்னொரு மீனவ ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர், சுமத்ராவில் கடல் பொங்கிய செய்தியைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போன் செய்தார். மையம் பூட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். சுனாமியில் சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. ஊரில் இருந்த சுமார் 3,600 பேரும் பிழைத்தார்கள்.