நீர்க்கரைசல்களின் பிஎச் கணக்கீடு

பிஎச் (காரகாடித்தன்மைச் சுட்டெண்) என்பது நீர்க்கரைசல் ஒன்றின் அமிலத்தன்மையை அல்லது காரத்தன்மையைக் குறிக்கும் எண் ஆகும். டென்மார்க்கைச் சேர்ந்த வேதியியலாளர் சோரன்சென், கோப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆய்ந்தபோது 1909 ஆம் ஆண்டு இதனை அறிமுகப்படுத்தினார். கரைசலின் ஹைட்ரஜன் அயனிச் செறிவை மோல்/லிட்டர் அலகில் எடுத்துக்கொண்டால்,

பிஎச் = − மடக்கை₁₀ (ஹைட்ரஜன் அயனிச் செறிவு)

ஆகவே 0.0000001 என எழுதுவதற்கு மாற்றாக 7 என எழுதினால் போதும். மடக்கை அளவாதலால், பிஎச் ஓர் அலகு குறைந்தால் செறிவு பத்து மடங்காகும்.

நீரின் அயனிப் பெருக்கம்

தூய நீரும் மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு அயனிகளாகப் பிரிகின்றது. 25 பாகை செல்சியசில் இவ்விரு செறிவுகளின் பெருக்கற்பலன் 10⁻¹⁴ ஆகும். இரண்டும் சமமாயின் ஒவ்வொன்றும் 10⁻⁷. எனவே நடுநிலை பிஎச் 7. இவ்வெண் 25 பாகைக்கு மட்டுமே உரியது. வெப்பநிலை உயர்ந்தால் நீர் மேலும் பிரிவதால், 100 பாகையில் நடுநிலை பிஎச் ஏறத்தாழ 6.14 ஆகும். அந்நீர் அமிலமன்று.

வன்னமிலங்களும் வன்காரங்களும்

இவை நீரில் முற்றிலும் பிரிவன. 0.01 மோல்/லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 2. அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடில் ஹைட்ராக்சைடு அயனி 10⁻² என்பதால் ஹைட்ரஜன் அயனி 10⁻¹², பிஎச் 12.

மிகவும் நீர்த்த கரைசல்

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவு 10⁻⁸ ஆயின், மேற்கண்ட முறைப்படி பிஎச் 8 எனக் கிடைக்கும். அதாவது, அமிலத்தை நீர்த்தே காரமாக்கிவிடலாம் என்றாகும்! இங்கு விடுபட்டது நீர் தானே தரும் அயனிகள் ஆகும். அவற்றையும் சேர்த்து 1.1×10⁻⁷ எனக் கூட்டுவதும் பிழையே. அமிலம் சேர்ந்ததும் நீரின் பிரிகை சற்றுக் குறைகின்றது.

கரைசலில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாக இருத்தல் வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவதே சரியான வழி. ஹைட்ரஜன் அயனிச் செறிவு 'அ' எனில், அது குளோரைடு, ஹைட்ராக்சைடு ஆகிய இரண்டின் கூடுதலுக்குச் சமம்:

அ = 10⁻⁸ + 10⁻¹⁴/அ
அ² − 10⁻⁸அ − 10⁻¹⁴ = 0

இதன் தீர்வு அ = 1.05×10⁻⁷, பிஎச் 6.98. எவ்வளவு நீர்த்தாலும் இம்மதிப்பு 7ஐ நெருங்குமேயன்றித் தாண்டாது. அமிலச் செறிவு 10⁻⁶ அல்லது அதற்கு மேல் எனில் நீரின் பங்கை விட்டுவிடலாம், பிழை 0.01க்கும் குறைவு.

மென்னமிலங்கள்

அசிட்டிக் அமிலம் போன்றவை ஓரளவே பிரிகின்றன. இதன் பிரிகை மாறிலி 1.8×10⁻⁵. செறிவு 0.1 எனில்,

அ² / (0.1 − அ) = 1.8×10⁻⁵

பகுதியிலுள்ள அ சிறியது எனத் தள்ளினால் அ = 0.00134, பிஎச் 2.87. இருபடிச் சமன்பாட்டை முழுமையாகத் தீர்த்தால் 2.88, வேறுபாடு பொருட்டன்று. ஆனால் செறிவு 0.0001 ஆகும்போது குறுக்கு வழி 4.37 என்றும், முழுத்தீர்வு 4.46 என்றும் தருகின்றன. பாடநூல்கள் குறுக்கு வழியைத் தரும் அளவுக்கு அதன் எல்லையை வலியுறுத்துவதில்லை. விடை கிடைத்தபின், பிரிந்த பங்கு 5 விழுக்காட்டுக்குள் உள்ளதா எனச் சரிபார்த்தல் நன்று.

கரைசல்களைக் கலத்தல்

பிஎச் 2, பிஎச் 4 உடைய ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசல்களைச் சம பருமனில் கலந்தால் பிஎச் 3 ஆகாது. செறிவுகளின் சராசரி 0.00505 என்பதால் பிஎச் 2.30 ஆகும். பிஎச் மதிப்புகளை நேரடியாகச் சராசரி காணல் கூடாது.

கணக்கீடும் அளவீடும்

செறிவு மிகும்போது அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், அவற்றின் செயல்படு செறிவு உண்மைச் செறிவினும் குறைகின்றது. 0.1 மோல்/லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் கணக்கிட்ட பிஎச் 1.0; அளந்தால் ஏறத்தாழ 1.1. மறுபுறம், திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீரின் பிஎச் 7 ஆக இராமல் ஏறத்தாழ 5.6 வரை இறங்குவதைக் காணலாம். இது பெரும்பாலும் கருவியின் குறையன்று. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து கார்பானிக் அமிலமாவதே காரணம்.