பிஜித் தீவில் நம்மவர்

1879ஆம் ஆண்டு நம் மலைநாட்டு வரலாற்றில் நினைவிற்குரியது. பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் 1877இல் குத்தகைக்குப் பெற்ற கண்ணன் தேவன் மலைப் பரப்பிலே பயிர்த்தொழில் நடத்தும் பொருட்டு, வடதிருவிதாங்கூர் நில நடவு வேளாண்மைச் சங்கம் என்னும் கூட்டு அமைப்பு அவ்வாண்டில்தான் தோன்றியது. மூணாறும் தேவிகுளமும் இன்றுள்ள நிலையை எய்தியதற்கு அதுவே முதற்படி.

அதே ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், 'லியோனிடாஸ்' என்னும் பாய்மரக் கப்பல் 463 இந்தியரை ஏற்றிக்கொண்டு, பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள பிஜித் தீவுகளின் லெவுக்காத் துறையை அடைந்தது. கல்கத்தாவில் புறப்பட்ட அக்கப்பலில் வழியிலேயே காலராவும் அம்மையும் கண்டமையால், வந்தவர்களை உடனே கரையிறக்க அஞ்சிச் சிறு தீவொன்றிலே தனித்து வைத்தனர். பிஜியில் இந்தியர் காலடி வைத்த வரலாறு இவ்வாறு தொடங்கிற்று.

மலையேறியவர்க்கும் கடல் கடந்தவர்க்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். ஒரே பஞ்ச காலத்தின் பின்னே, ஒரே தன்மையான தோட்டத் தொழிலுக்கு, ஊரும் உறவும் விட்டுப் பெயர்ந்தவர்கள் இருசாராரும். நம் முன்னோர் கங்காணியிடம் முன்பணம் பெற்றுப் போடிநாயக்கனூர் வழியே கால்நடையாக மலையேறினர். அவர்களுக்கு ஊர் ஒரு நாள் இரண்டு நாள் நடைத் தொலைவில் இருந்தது. பொங்கலுக்கும் கொடைக்கும் இறங்கிச் சென்று வரலாம். பிஜி சென்றவர்க்கோ சென்னைக்கும் தீவிற்கும் இடையே ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் கடல். வேறுபாடு அந்தத் தொலைவில்தான் இருந்தது. அத்தொலைவு ஒரு மக்கட் கூட்டத்தின் மொழியை என்ன செய்தது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

பிஜி 300க்கும் மேற்பட்ட தீவுகளின் கூட்டம். 1874 அக்டோபர் 10ஆம் நாள் அங்குள்ள தலைவர்கள் தம் நாட்டைப் பிரிட்டிஷ் அரசிக்கு ஒப்படைத்தனர். மறு ஆண்டு கவர்னராக வந்த சர் ஆர்தர் கார்டன் ஒரு கொள்கை வகுத்தார். பிஜிக் குடிகளின் நிலத்தை விற்கலாகாது, அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுத்து அவர்தம் கிராம வாழ்வைக் குலைக்கலாகாது என்பதே அது. நல்ல கொள்கைதான். ஆனால் தீவின் கருவூலம் நிரம்பக் கரும்பு வேண்டும். கரும்பு வெட்ட ஆள் வேண்டும். மொரீசியஸிலும் டிரினிடாடிலும் முன்னரே ஆட்சி நடத்தியிருந்த அவருக்கு இந்தியக் கூலிகளைப் பற்றி நன்கு தெரியும். ஒரு நாட்டுக் குடிகளைக் காக்க மற்றொரு நாட்டுக் குடிகளைப் பிடித்து வந்தார் என்றே சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் காலனியல் சர்க்கரைக் கம்பெனி 1882இல் நௌசோரியில் ஆலையை நிறுவியது முதல், வந்த ஆட்களிற் பெரும்பாலோர் அக்கம்பெனியின் வயல்களிலேயே உழைத்தனர்.

கப்பலேறும் முன் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்திற்கு 'அக்ரிமெண்ட்' என்று பெயர். அச்சொல் எளியவர் நாவில் 'கிர்மிட்' ஆயிற்று. அவர்களும் 'கிர்மிட்டியர்' ஆயினர். ஐந்தாண்டு வேலை, வாரத்தில் ஐந்து நாள் ஒன்பது மணி நேரம், சனிக்கிழமை ஐந்து மணி நேரம். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அந்நாளைய மாற்று விகிதப்படி ஒரு ஷில்லிங் பன்னிரண்டணா. தமிழ்நாட்டு வயற்கூலிக்கு அது பெருந்தொகையாகத் தோன்றியிருக்கும். ஆனால் குறித்த அளவு வேலையை முடித்தவர்க்கே முழுக்கூலி என்பதும், தீவில் விலைவாசி வேறு என்பதும் அங்குச் சென்ற பின்னரே விளங்கின. வேலைக்கு வராமை அங்கே குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. இழந்த நாட்களை ஒப்பந்தத்தின் முடிவிலே கூட்டியும் விடுவர். பத்தாண்டு கழிந்தால் ஊர் திரும்பக் கப்பல் செலவு இலவசம்.

குடியிருப்பு 'லைன்' எனப்பட்டது. நம் மலையிலே 'லயம்' என்று வழங்குவதும் அதே சொல்லே. பத்தடி நீளமும் ஏழடி அகலமும் கொண்ட அறையிலே தனி ஆடவர் மூவர், அன்றி ஒரு கணவன், மனைவி, அவர்தம் சிறு பிள்ளைகள் இருவர் என்பது கணக்கு. சமையலும் உறக்கமும் அதற்குள்ளேயே. நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்ற விகிதத்தில் ஆட்களை அனுப்பியமையால் நேர்ந்த கொடுமைகளை இம்மலரில் விரித்தெழுத மனம் வரவில்லை. நம் பாரதியார் அத்தீவிலே வாடிய பெண்டிரை எண்ணிப் பாடிய பாடலை அன்பர்கள் அறிவர்.

முதல் 24 ஆண்டுகள் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்தே சென்றன. வடக்கே ஆள் கிடைப்பது அரிதானபோது ஆள்பிடிப்போரின் கண் சென்னை மாகாணத்தின்பால் திரும்பியது. 1903இல் முதன்முதலாகச் சென்னையிலிருந்து கப்பல் புறப்பட்டது. 1916 முடிய, சுமார் 15,000 தென்னிந்தியர் இவ்வழியே சென்றனர். வடஆர்க்காட்டிலிருந்து மிகுதியானோர், தஞ்சாவூர், கிருஷ்ணா, விசாகப்பட்டினம், மலபார் ஆகிய ஜில்லாக்களிலிருந்தும் பலர். மொத்தம் 87 பயணங்களில் கப்பலேறிய 60,965 பேரில் இவர்கள் நான்கில் ஒரு பங்கு.

இவர்கள் யாவரும் ஏமாற்றப்பட்டே சென்றனர் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். எத்தனை தொலைவு செல்கிறோம் என்பதை அறியாமற் சென்றவர் பலர் என்பதில் ஐயமில்லை. எனினும் இது முழுக்கதை ஆகாது. ஒரு கிர்மிட்டியரின் பேரரும் பெரும் வரலாற்றாசிரியருமான பிரிஜ் லால், கல்கத்தாவில் ஏறிய 45,439 பேரின் பயணச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் ஆராய்ந்து, அவர்களிற் பலர் ஆள்பிடிப்போர் கண்ணிற் படுமுன்னரே பிழைப்புத் தேடித் தம் ஊரைவிட்டு வெளியேறியவர் என்று காட்டினார். அது வடவரைப் பற்றிய கணக்கு. ஆயினும் வறண்ட வடஆர்க்காட்டையும் போடி மலைப்பாதையையும் நினைக்கும் எவர்க்கும் அது புதுமையாகத் தோன்றாது. பசித்தவனைக் கங்காணி தேடிப் பிடித்தான் என்பது ஒரு பாதி. பசித்தவன் கங்காணியைத் தேடிச் சென்றான் என்பது மற்றப் பாதி.

சுவாவுக்கு அருகிலுள்ள நுக்குலாவுத் தீவிலே இறங்கிய தமிழர்க்கு ஒரு புதிய துன்பம் காத்திருந்தது. அங்கே கால் நூற்றாண்டாகக் குடியேறியிருந்தோர் அவத், போஜ்புரி நாட்டார். லைனிலும் வயலிலும் வழங்கிய மொழி அவர்களது கலப்பு இந்தி. வெள்ளை ஓவர்சியரும் அந்த இந்தியிலேயே அதட்டினார். 'சர்தார்' எனப்பட்ட மேற்பார்வையாளரும் அதிலேயே ஏவினார். தமிழர், தெலுங்கர், மலையாளி என்ற பிரிவெல்லாம் அவர்களுக்குத் தெரியாது, எல்லாரும் 'மதராஸி'. உடல் நலமில்லை என்று சொல்லவும், கூலிக் கணக்குக் கேட்கவும், அடித்தவனைப் பற்றி முறையிடவும் முதலிலே வேற்றுமொழி ஒன்றைக் கற்க வேண்டியிருந்தது. நம் மலையிலோ கங்காணி தமிழன். கணக்கெழுதியவரும் பெரும்பாலும் தமிழ் அறிந்தவர். அதட்டினாலும் தமிழிலே அதட்டினார். இது சிறு நன்மை என்று நான் எண்ணவில்லை.

1915இல் சி. எப். ஆண்ட்ரூஸ் பாதிரியாரும் டபிள்யூ. டபிள்யூ. பியர்சனும் அங்குச் சென்று நேரிற் கண்டு எழுதிய அறிக்கை நாட்டை உலுக்கியது. இந்தியத் தொழிலாளரிடையே தற்கொலை எத்துணை மிகுந்திருந்தது என்பதை அவர்கள் எடுத்துக் காட்டினர். கோகலே 1912இலேயே சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் தோற்றிருந்தது. 1916இல் மாளவியா கொண்டுவந்ததை வைசிராய் ஹார்டிஞ்சு ஏற்றார். அவ்வாண்டு நவம்பரில் 'சட்லெஜ்' என்னும் கப்பல் கடைசிக் கூட்டத்தைக் கரை சேர்த்தது. 1920 ஜனவரி முதல் நாள் எஞ்சிய ஒப்பந்தங்கள் யாவும் நீக்கப்பட்டன.

விடுதலை பெற்றோரிற் சிலர் ஊர் திரும்பினர். அவர்களிடையே, சாதி இழந்தவர் என்றும் கடல் தாண்டியவர் என்றும் ஒதுக்கப்பட்டு, கல்கத்தாவின் மட்டியாபுர்ஜில் குடிசை போட்டுக்கொண்டு, மீண்டும் அத்தீவிற்கே அனுப்புமாறு கெஞ்சியவர்களும் இருந்தனர். வேலையிலிருந்து விலகிக் கீழ்நாடு இறங்கியபின், அங்கே யாரையும் தெரியாமல் மறுபடி மலையேறி வந்த பெரியவர்கள் நம் காலனியிலும் உண்டல்லவா?

தங்கிவிட்டோரிடையே தோன்றியவர் சாது குப்புசாமி. அவரும் 1912இல் கிர்மிட்டிலே வந்தவர். தென்னாட்டுக் குழந்தைகள் தாய்மொழி ஓரெழுத்தும் அறியாமல் வளர்வதைக் கண்டு, 1926 மே மாதம் நாடியிலே 'தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' என்னும் அமைப்பை நிறுவினார். அங்கே அதற்குச் 'சங்கம்' என்றாலே போதும், விளக்கம் தேவையில்லை. கரும்பு விற்ற காசிலே குடியானவர் கொடுத்த நன்கொடையிலிருந்து பள்ளிகள் எழுந்தன. ஆசிரியர் வேண்டுமென்று இராமகிருஷ்ண மடத்திற்கு விண்ணப்பம் சென்றது. 1937இல் சுவாமி அவினாசானந்தரும், 1939இல் சுவாமி ருத்ரானந்தரும் வந்தனர். 1949இல் நாடியிலே விவேகானந்தர் உயர்நிலைப் பள்ளி அமைந்தது. இன்று சங்கத்தின் பொறுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகள், சில உயர்நிலைப் பள்ளிகள், லபாசாவிலே செவிலியர் கல்லூரி ஒன்று. கூலியாக வந்த ஒருவர் தொடங்கிய சங்கத்தின் பணி இத்துணை என்றால், நாமும் ஒரு சங்கம் நடத்துகிறோம் என்று சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

ஆயினும் மொழி? பள்ளிகள் நின்றன; தமிழ் தேய்ந்தது. இந்தி ஒருபுறம், ஆங்கிலம் ஒருபுறமாக நெருக்க, பள்ளியில் சில ஆண்டு படித்த தமிழுக்கு வீட்டிலும் கடையிலும் இடமில்லாது போயிற்று. தெலுங்கர் தமக்கெனத் தனிச் சங்கம் வேண்டுமென்று 1941இல் பிரிந்தனர். இன்று பிஜித் தமிழர் இல்லங்களிலே வழங்குவது பெரும்பாலும் பிஜி இந்தியே. சங்கத்தின் குறிக்கோளாக அமைந்தது கல்வியைப் பற்றிய திருக்குறள் ஒன்று. அதன் பொருளைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கே வேற்றுமொழியில் விளக்க வேண்டியிருக்கிறது. எஞ்சியிருப்பது வழிபாடு. சுவாவிலே ஹோவெல் சாலை மாரியம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. நாடியிலே சிவசுப்பிரமணியர் கோயிலுக்குத் தமிழ்நாட்டுச் சிற்பிகளைக் கொண்டு புதுக் கோபுரம் எழுப்பி 1994இல் குடமுழுக்குச் செய்தனர். வேலும் காவடியும் பிழைத்தன, பேச்சு பிழைக்கவில்லை. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு நின்றபின், நம் மலையிலும் தமிழ் சிறுபான்மை மொழியே. தமிழ் வழிப் பள்ளி கூப்பிடு தூரத்தில் இருக்க, பிள்ளையை வேறு பஸ்ஸிலே ஏற்றி அனுப்பும் பெற்றோரை நான் குறை சொல்லப் புகவில்லை. அவரவர்க்கு அவரவர் கணக்கு. பிஜியிலும் எவரும் தமிழை வேண்டாம் என்று தள்ளவில்லை என்பதை மட்டும் குறிக்கிறேன்.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். கம்பெனி தன் தோட்டங்களைப் பத்து ஏக்கர் அளவான துண்டுகளாக்கிக் குத்தகைக்கு விட்டது; குடியானவர் கரும்பு பயிரிட்டு ஆலைக்கு விற்றனர். பெரும்பாலான நிலம் பிஜிக் குடிகளுக்கே உரியது, வாங்க முடியாது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் முப்பதாண்டுக் குத்தகைக்கு வகை செய்தது. 1997 முதல் பழைய குத்தகைகள் ஒவ்வொன்றாக முடிய, மூன்று தலைமுறை உழுத நிலத்தையும் கட்டிய வீட்டையும் விட்டுப் பல குடும்பங்கள் நகரத்து ஓரங்களிலே குடிசை தேடின. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டிய நம் தோட்டத் தொழிலாளர்க்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை. எம்மைப் போன்ற ரயில்வே ஊழியரின் குவார்ட்டர்ஸும் அத்தகையதே. ஆனால் எமக்கு ஓய்வூதியமேனும் உண்டு.

1970 அக்டோபர் 10 அன்று பிஜி சுதந்திரம் பெற்றது. 1987 மே 14ஆம் நாள் கர்னல் ரபுக்கா ராணுவத்தைக் கொண்டு ஆட்சியைக் கைப்பற்றினார். லியோனிடாஸ் வந்த அதே மே 14! அதன் பின்னர் இந்தியர் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசீலாந்துக்கும் கனடாவுக்கும் மீண்டும் கப்பலேறினர், இம்முறை விமானம். ஒரு காலத்தில் மக்கட்தொகையிற் பாதியளவு இருந்தோர் இன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதே ரபுக்கா பின்னர்த் தேர்தல் வழியே பிரதமராகி, 2023 மே 14 அன்று, அரசு விடுமுறையாக முதன்முதல் கொண்டாடப்பட்ட கிர்மிட் தினத்திலே, அன்று செய்ததற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். உலக வரலாற்றில் இது அடிக்கடி நிகழ்வதன்று.

அந்த 60,000 பேரின் பயணச் சீட்டுகள் இன்றும் உள்ளன. நாள்தோறும் சரக்கு ரசீது எழுதிப் பழகிய கண்ணுக்கு அவை மனிதரைப் பார்சல் போட்ட வே-பில்லாகவே தோன்றும். எனினும் அந்தக் காகிதம் செய்யும் உதவி பெரிது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் நாலாம் தலைமுறைப் பேரன், தமிழில் ஒரு சொல்லும் அறியாதவன், சீட்டின் நகலோடு வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இறங்கித் தன் முன்னோர் தெருவைத் தேட முடிகிறது. கங்காணி அழைத்து நம் மலைக்கு வந்தவர்க்கு அப்படி ஒரு சீட்டு இல்லை. கண்ணன் தேவன் மலையிலே 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியதற்கும், அது 1908இல் சிறு ரயிலாக மாறியதற்கும், 1924 வெள்ளம் அதை அடித்துச் சென்றதற்கும் ஆண்டு உண்டு. தண்டவாளம் போட்ட கை யாருடையது என்பதற்கு ஏடு இல்லை. பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு மண்ணுக்குள் போன 70 பேரின் பாட்டன்மார் எந்த ஆண்டு எந்த வழியே ஏறி வந்தனர் என்று எழுதி வைத்தவர் யார்?

ஆதலால் செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். சங்க அறையிலே தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்து, அறுபது கடந்த பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத வேண்டும் என்பது அது. தலைப்புகளை நாம் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. பிஜிச் சீட்டிலேயே உள்ளன. பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், நெருங்கிய உறவினர், உடலில் உள்ள அடையாளம்.