நிலம் நடுங்கிய நாள்கள்

கடலின் சீற்றத்திற்குத் தமிழ் இலக்கியத்தில் நிலைத்த ஒரு பெயர் உண்டு. கடல்கோள் என்பது அது. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுக்கு இரையான செய்தியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. முச்சங்கங்களின் கதையைக் கூறும் இறையனார் களவியல் உரையும் கடல்கோளைப் பேசுகிறது. அவை வரலாறா, தொன்மமா என்னும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. எப்படியாயினும் அச்சொல் புலவர் நாவில் வாழ்ந்தது. நிலத்தின் நடுக்கத்திற்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. நிலநடுக்கம், பூகம்பம் என்று சொற்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஊர் சொல்லும் கதை இல்லை. நம் மண் அரிதாகவே நடுங்குகிறது என்பதே காரணம். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருவதைச் சமுதாயம் எங்ஙனம் நினைவில் வைத்துக்கொள்வது? இக்கட்டுரை ஆராய முற்படுவது அதனையே.

தொலைவிடத்துச் செய்தியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 1984ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் தமிழ்நாடு – கருநாடக எல்லையில் நிலம் நடுங்கியது. அதன் அளவு 4.6. ஆய்வாளர்கள் அதனைப் பெங்களூரின் பெயரோடு சேர்த்தே குறித்து வருகின்றனர். ஆனால் அவர்கள் கணக்கிட்ட மையப்புள்ளி வட அகலாங்கு 12.55, கிழக்கு நெட்டாங்கு 77.77 ஆகும். நிலப்படத்தில் இவ்விடத்தைத் தேடினால் விரல் தேன்கனிக்கோட்டையின் அருகில் போய் நிற்கும். கெலமங்கலத்திலிருந்து அது பத்துக் கிலோமீட்டர் அளவே. நடுக்கம் நம்முடையது, பெயர் மட்டும் பெருநகருக்குப் போயிற்று! பதினேழு ஆண்டுகள் கழித்து, குசராத்தின் புஜ் பகுதி இடிந்து விழுந்த 2001 சனவரி 26ஆம் நாளுக்கு மூன்று நாள் கழித்து, கனகபுரா வட்டாரத்தில் 4.3 அளவில் மற்றொரு நடுக்கம் நேர்ந்தது. பெங்களூரிலும் நம் எல்லைப்புறத்திலும் அதனை உணர்ந்தனர். புஜ் செய்தியின் பேரொலியில் இந்தச் சிற்றொலி அமிழ்ந்துபோயிற்று.

நம் காலடியில் இருப்பது மிகப் பழைய பாறை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளின் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை என்பர் நிலவியலார். இத்துணைப் பழைமையான பாறை ஏன் நடுங்க வேண்டும்? இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியத் தட்டை முட்டுகிறது. அந்த முட்டலில் எழுந்ததே இமயம். முட்டலின் அழுத்தம் இமயத்தோடு நின்றுவிடுவதில்லை. தீவக்குறை முழுவதும் பரவுகிறது. பழம்பாறையில் எப்போதோ விழுந்து ஆறிய பிளவுகள் உண்டு. அழுத்தம் தாங்கும் அளவைக் கடக்கும்போது அவற்றுள் ஏதேனும் ஒன்று வழுக்குகிறது. தட்டுகளின் விளிம்பில் உள்ள சப்பானில் இது அடிக்கடி நிகழும்; நடுவில் உள்ள நமக்கு அரிதாக நிகழும். அரிது என்பதற்கு இல்லை என்று பொருள் கொள்வதில்தான் இடர் தொடங்குகிறது.

கொங்கு நாடு இதனை ஒருமுறை கண்டது. 1900 பிப்ரவரி 8ஆம் நாள் அதிகாலை மூன்று மணியளவில் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்து, தென்னிந்தியாவின் பெரும்பரப்பில் உணரப்பட்டது. தமிழ் மண்ணில் பதிவான நடுக்கங்களுள் பெரியது இதுவே எனலாம். அன்றைய கோவை சிற்றூர்த் தன்மை மாறாத நகரம். மாடிகள் சில, ஆலைகள் அதனினும் சில. இன்று அதே அளவு நடுக்கம் வந்தால் என்னவாகும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

கோவையை விடவும் நமக்குப் பாடம் தரத்தக்கது மராட்டிய மாநிலத்தின் கில்லாரி. இலாத்தூர் மாவட்டத்து ஊர் அது. நம்மைப் போலவே தக்காணத்தின் உள்நாடு. நம்மைப் போலவே நடுக்கத்துக்குப் பேர்போகாத இடம். அரசின் நிலநடுக்க வரைபடத்தில் மிகக் குறைந்த இடருள்ள முதல் மண்டலத்தில் அது வைக்கப்பட்டிருந்தது. 1992 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அங்கே சிறு அதிர்வுகள் அடுத்தடுத்து வந்தன. மக்கள் அஞ்சினர். பின்னர் அதிர்வு ஓய்ந்தது; அச்சமும் ஓய்ந்தது. 1993 செப்டம்பர் 29ஆம் நாள் பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து உறங்கினார்கள். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன், 6.2 அளவில் நிலம் குலுங்கியது. உயிரிழந்தோர் ஏறத்தாழ 10,000 பேர்.

அவர்களைக் கொன்றது நிலமன்று, சுவர். அப்பகுதியில் வீட்டுச் சுவர்களைத் தடிமனாகக் கட்டுவர். உள்முகம் ஒரு கல்வரிசை, வெளிமுகம் ஒரு கல்வரிசை, இடையில் சல்லியும் மண்ணும். இரு முகங்களையும் கோத்துப் பிடிக்கும் நீளக்கல் இல்லை. சேர்த்து ஒட்டுவது வெறும் மண்சாந்து. மேலே மரச்சட்டம் பரப்பி அதன்மேல் கனத்த மண்கூரை. வெயிலுக்குக் குளிர்ச்சியான வீடுதான். ஆனால் பக்கவாட்டு அசைவு வந்ததும் இரு முகங்களும் வெவ்வேறு பக்கம் பிரிந்து சாய, கூரை நேரே கீழிறங்கியது. வசதி உடையவன் வீட்டில் சுவரும் கனம், கூரையும் கனம், சாவும் மிகுதி. ஓலையும் புல்லும் வேய்ந்த எளியவர் குடிசைகள் பெரிதும் தப்பின. செல்வம் காக்காத இடத்தில் வறுமை காத்தது என்பது கவிஞர்கள் சிந்திக்கத்தக்க முரண்.

அழிவுக்குப் பின் அரசு உலக வங்கியின் கடனுதவியோடு பெரும் புனரமைப்பை மேற்கொண்டது. 52 ஊர்கள் புதிய இடங்களில் கட்டப்பட்டன. பிற ஊர்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை உரிமையாளரே முன்னின்று பழுதுபார்த்து வலுவூட்டினர். இரண்டில் இரண்டாவது வழியே சிறந்தது என்பது என் எண்ணம். புது ஊர்களில் அகன்ற நேர்த்தெருக்களும் கான்கிரீட் வீடுகளும் கிடைத்தன. ஆனால் திண்ணையும் முற்றமும் போயின, உறவும் அயலும் சிதறின, காடுகழனி தொலைவாயிற்று. பழுதுபார்த்த ஊர்களிலோ கொத்தனார் ஒருவர் கற்றதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுசென்றார். சுவரில் நீளக்கல்லைப் புகுத்துவது, கதவு சன்னல்களுக்கு மேல் மட்டத்தில் சுவர் நான்கையும் சுற்றிக் கான்கிரீட் பட்டை ஓட்டுவது என்பன போன்ற எளிய அறிவு ஊரிலேயே தங்கிற்று.

கில்லாரிக்குப் பின்னர் வரைபடமும் திருந்தியது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. இடரே இல்லாத இடம் என்று இனி எதனையும் சொல்ல வேண்டாம் என்று கருதினர் போலும். அத்திருத்தத்தில் சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது. தருமபுரியும் சேலமும் மூன்றில் நின்றன, பெங்களூர் இரண்டில் நின்றது. கெலமங்கலம் இவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது. வரைபடத்துக் கோடு பாறைக்குத் தெரியாது என்பதை 1984 காட்டிவிட்டது.

வரைபடமும் விதிநூலும் அரசின் நினைவு. மக்களின் நினைவு வேறு வகையானது. அதற்குச் சொல்லே கருவி. இந்தோனேசியாவின் சுமத்திராவுக்கு மேற்கே சிமெலூ என்னும் தீவு உள்ளது. 1907ஆம் ஆண்டு அங்கே நிலம் நடுங்கிக் கடல் புகுந்து பலரைக் கொண்டுசென்றது. தப்பியவர்கள் அதற்குச் 'சுமோங்' என்று பெயரிட்டனர். அதனைக் கதையாக்கினர், பாட்டாக்கினர், பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தனர். நிலம் வலுவாக ஆடி, கடல் உள்வாங்கினால் நில்லாமல் மலைக்கு ஓட வேண்டும் என்பதே அதன் சாரம். 2004 திசம்பர் 26ஆம் நாள் 9.1 அளவுள்ள நடுக்கம் அத்தீவின் அருகிலேயே பிறந்தது. ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தவர் எழுவர் மட்டுமே. எச்சரிக்கைச் சங்கு எதுவும் ஊதவில்லை. பாட்டிமார் சொல்லே ஊதியது.

அதே அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் மாநிலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். கடல்கோள் என்னும் சொல் நம்மிடம் இருந்தது. ஓடு என்னும் அறிவுரை அதனோடு இல்லை. அதன் பின்னரே 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் எழுந்தது. ஆழிப்பேரலைக்கு முன்னறிவிப்பு இயலும். நிலநடுக்கத்துக்கு நாள், நேரம் குறித்துச் சொல்ல உலகில் எவராலும் இயலாது. ஆகவே நம் பகுதிக்கு எஞ்சும் காப்பு கட்டடம் ஒன்றே.

அந்தக் கட்டடங்கள்தாம் இன்று நம் கண்முன் எழுகின்றன. ஒசூரில் தொடங்கிய தொழில்வளம் கெலமங்கலம் சாலை நெடுகிலும் பரவிவிட்டது. கல்தூண் நிறுத்திக் கற்பலகை மூடிய பழைய வீடுகளுக்கு அருகிலேயே மூன்று மாடி, நான்கு மாடி விடுதிகள். வண்டி நிறுத்தக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களில் மட்டும் நிறுத்தும் வழக்கம். 2001இல் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் இடிந்த அடுக்கு வீடுகளுள் பல இத்தகையனவே. தூணில் ரிங் கம்பியை நெருக்கமாகக் கட்டி, அதன் முனையை உள்ளே மடக்கிவிடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. விதிநூல்கள் கேட்பதும் இதனையே. பூச்சுக்குப் பின் அது தெரிவதில்லை என்பதால், கட்டுவோரின் மனச்சான்றையும் கேட்போரின் அறிவையும் பொறுத்ததாகிறது.

நம் வட்டத்தார் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. நிலநடுக்கத்தின் கடுமையைக் கருவிகள் மட்டும் அளப்பதில்லை. மக்கள் சொல்லும் செய்திகளைத் தொகுத்தும் அளக்கின்றனர். 1897 அசாம் நடுக்கத்தை ஆராய்ந்த ஆர். டி. ஓல்டாம், பல ஊர்களிலிருந்து வந்த விவரங்களைத் திரட்டியே தம் பேரறிக்கையை எழுதினார். 1984 மார்ச்சில் பத்து வயதாக இருந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். அன்று ஐம்பது வயதினர் பெரும்பாலும் இல்லை. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், தளி, இராயக்கோட்டை ஊர்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் முதியோரிடம் சென்று கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. அன்று எங்கே இருந்தீர்கள்? அடுக்குப் பானைகள் ஒலித்தனவா, உருண்டனவா? தொங்கிய விளக்கு எந்தத் திசையில் ஆடிற்று? எந்தச் சுவரில் விரிசல் விட்டது, அந்தச் சுவர் மண்ணா, கல்லா, செங்கல்லா? கிணற்று நீர் கலங்கியதா? மாடுகள் முன்னரே மிரண்டனவா? அதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் சொன்னார்கள்?