தயவு, நற்குணம், அடுத்து என்ன? கலாத்தியர் 5:22இல் ‘பிஸ்டிஸ்’

கலாத்தியர் 5:22இல் தயவையும் நற்குணத்தையும் அடுத்து வரும் ‘பிஸ்டிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை 1871இன் திருத்த மொழிபெயர்ப்பு ‘விசுவாசம்’ என்று பெயர்த்தது. 1995இன் பொது மொழிபெயர்ப்பு ‘நம்பிக்கை’ என்றது. சொல் மாறியதே தவிர, கடவுளை நம்புவது என்றே நாம் இன்றும் அதைப் படிக்கிறோம். இந்த வாசிப்புக்குப் பழைய விளக்க மரபு ஒன்று துணை நிற்கிறது. விசுவாசத்தினால் நீதிமானாவதை மடல் நெடுகப் பேசிவந்த பவுல், இந்த ஓரிடத்தில் மட்டும் அதே சொல்லை வேறு பொருளில் ஆள்வாரா என்று அது கேட்கிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆண்டிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. இங்கே அச்சொல் சுட்டுவது உண்மையாயிருத்தலை: கொடுத்த வாக்கில் நிற்பதை, நம்பி ஒப்படைத்ததைக் கெடாமல் காப்பதை.

மடலில் இச்சொல் 22 முறை வருவதைப் பெரிய சான்றாகக் காட்டுவார்கள். அந்த 22இல் 14, மூன்றாம் அதிகாரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அங்கே நடப்பது நியாயப்பிரமாணம் பற்றிய வழக்கு. ஐந்தாம் அதிகாரத்தின் பிற்பகுதியில் அந்த வழக்கு ஓய்ந்து, சபைக்குள் நடக்கும் சண்டை முன்னுக்கு வந்துவிடுகிறது. ஒருவரையொருவர் கடித்துத் தின்கிறார்கள் என்று 5:15இல் பவுல் எச்சரிக்கிறார். பழைய கையெழுத்துப் படிகளின்படி மாம்சத்தின் கிரியைகள் 15; அவற்றில் எட்டு, பகை, வாக்குவாதம், பிரிவினை, பொறாமை என மனிதருக்கிடையே மூளும் பூசல்கள். 5:22இல் தொடங்கும் ஆவியின் கனி அதற்கு எதிர்ப்பட்டியல். (கிரேக்கத்தில் ‘கனி’ ஒருமை, ஒன்பது கனிகள் என்பது ஞாயிறு பள்ளிக் கணக்கு.) தயவு அயலான்மேல் காட்டுவது. நற்குணமும் சாந்தமும் அயலானிடம் வெளிப்படுவன. இவற்றுக்கு நடுவில் இருக்கும் சொல் மட்டும் அயலானை விட்டுக் கடவுளை நோக்கித் திரும்பிக்கொண்டது என்பதற்குப் பட்டியலில் எந்தத் தடயமும் இல்லை.

பவுலின் காதில் இச்சொல் எப்படி ஒலித்திருக்கும் என்பதற்கு பழைய ஏற்பாட்டின் எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஓர் இடம் இருக்கிறது. இந்த விவாதத்தில் அதற்கு உரிய கவனம் கிடைத்ததாகத் தெரியவில்லை. 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரம். யோவாஸ் அரசன் காலத்தில் ஆலயம் பழுதுபார்க்கப்படுகிறது. மூடியில் துளையிட்ட பெட்டி பலிபீடத்தருகே வைக்கப்படுகிறது. பெட்டியில் பணம் மிகுந்ததும் அரசனின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் வந்து எண்ணிக் கட்டுகிறார்கள். வேலையை நடத்துகிறவர்கள் கைக்கு அது போகிறது. அவர்கள் வழியே தச்சர், கொத்தர், கல்தச்சர் கூலி பெறுகிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்தபோது எண்ணியவர்கள், அந்த மேற்பார்வையாளர்களிடம் மட்டும் கணக்குக் கேட்கவில்லை. காரணமாக எபிரேய மூலம் சொல்வது ‘எமூனா’, அதாவது உறுதி, உண்மை. கிரேக்கம் அதை ‘பிஸ்டிஸ்’ என்று பெயர்க்கிறது. அவர்களுடைய பக்தியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கைசுத்தத்தைப் பற்றித்தான் பேச்சு. யாத்திராகமம் 17:12இல் சூரியன் சாயும்வரை தளராமல் நின்ற மோசேயின் கைகளுக்கும் எபிரேயம் அதே ‘எமூனா’வைத்தான் ஆள்கிறது. அங்கே கிரேக்கம் வேறு சொல்லுக்குப் போய்விடுவதால், அதை நான் சான்றாக அழுத்தவில்லை.

1871இன் மொழிபெயர்ப்பாளர்கள் இந்தப் பொருளை அறியாதவர்கள் அல்லர். ரோமர் 3:3இல் தேவனுக்குரிய ‘பிஸ்டிஸ்’ அவர்கள் கையில் ‘உண்மை’ ஆயிற்று. தீத்து 2:10இல் எஜமானின் பொருளைத் திருடாத வேலைக்காரனுக்கு ‘நல்லுண்மை’ என்ற அழகான சொல்லே அமைந்தது. கலாத்தியரில் அதை எடுக்காமல் விட்டது, முன் அதிகாரங்களின் இழுப்பினால் என்றே கருத வேண்டியிருக்கிறது.

‘விசுவாசம்’ என்ற தமிழ்ச் சொல்லிலேயே இப்பொருள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. நாயை விசுவாசமுள்ள பிராணி என்கிறோம். இருபது வருஷமாகக் கல்லாவில் கை வைக்காத கடைப்பையனை விசுவாசமானவன் என்கிறோம். கடைத்தெருவில் பவுலின் பொருள் பத்திரமாக இருக்கிறது. கோயில் வாசற்படி ஏறியதும் அது நழுவிவிடுகிறது. 1995இன் ‘நம்பிக்கை’யில் அந்த வாய்ப்பும் போயிற்று. ‘நம்பிக்கையானவர்’ என்றால் நம்பப்படுகிறவர் என்பது உண்மைதான். ஆனால் பண்புகளின் வரிசையில் ‘நம்பிக்கை’ என்று தனியே நிறுத்தினால் நம்புகிறவரே நினைவுக்கு வருகிறார்.

உண்மையாயிருத்தல் மனித முயற்சியாகிவிடும், கிருபைக்கு இடமிராது என்பாரும் உண்டு. அன்பும் பொறுமையும் அதே பட்டியலில் இருக்கையில் இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 6:10இன் விசுவாச வீட்டாரைக் காட்டுவதும் உதவாது. அது ஒரு கூட்டத்துக்கு இட்ட பெயர். 5:6 சற்றுக் கனமான தடை. அன்பின் வழியே செயல்படும் ‘பிஸ்டிஸ்’ அங்கே கடவுள்மேல் வைத்த நம்பிக்கைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வசனத்திலேயே அது அயலானை நோக்கி வெளியே வந்துவிடுகிறது.

மத்தேயு 23:23ஐயும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீதி, இரக்கம், ‘பிஸ்டிஸ்’ ஆகியவற்றை விட்டுவிட்டதாக இயேசு பரிசேயரைக் கடிந்துகொள்ளும் அந்த இடத்திலும் பழைய மொழிபெயர்ப்பு ‘விசுவாசம்’ என்றே வைத்திருக்கிறது. வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்றை எடுத்து வைத்தவர்களுக்குக் கடவுள்மேல் நம்பிக்கை இல்லை என்று அவர் சொல்லியிருக்க முடியுமா?