நாடக வாத்தியாரும் பாலர் சபையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பார்சி, மராட்டிய நாடகக் குழுக்களின் முறையைத் தஞ்சை கோவிந்தசாமி ராவ் போன்றோர் தமிழில் கையாளத் தொடங்கியபின், தெருக்கூத்தில் விடிய விடிய ஆடப்பட்டு வந்த புராணக் கதைகள் கொட்டகைக்குள் புகுந்து, வண்ணம் தீட்டிய திரைகளின் முன் நடிக்கப்படலாயின. மேடை மாறியதே தவிர, நாடகத்துக்கு உறுதியான எழுத்து வடிவம் உடனே அமைந்துவிடவில்லை. பாடல்கள் மனப்பாடமாக இருந்தன. உரையாடலோ நடிகரின் அப்போதைய சொல்வன்மைக்கு விடப்பட்டிருந்தது. இந்நிலையை மாற்றி, நாடகத்தைக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு கல்வியாக ஆக்கியவர்கள் ‘வாத்தியார்’ என்று அழைக்கப்பட்ட நாடக ஆசிரியர்களே. அவர்களுள் முதலிடம், தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று பின்வந்தோர் போற்றிய தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகளுக்கு உரியது.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் அவர் பிறந்தார். அவருடைய தந்தையார், இராமாயணப் புலவர் என்று பெயர்பெற்ற தாமோதரனார். ஆகவே கதை சொல்லும் கலை அவருக்கு வீட்டிலேயே வாய்த்தது. பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கணமும் யாப்பும் பயின்று, சிலகாலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து, 24ஆம் வயதில் நாடகத்துக்கு வந்த அவர், தொடக்கத்தில் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் போன்ற கடுமையான வேடங்களைத் தாங்கினார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் ஆதரவில் தங்கியிருந்த காலத்தில் தாள நுட்பங்களிலும் திருப்புகழ்ச் சந்தங்களிலும் அவர் பெற்ற பயிற்சி, பின்னாளில் அவர் எழுதிய நாடகப் பாடல்களின் உயிர்நாடியாயிற்று. வெண்பாவும் விருத்தமும் சிந்தும், மக்கள் அப்போது விரும்பிக் கேட்ட இந்துஸ்தானி மெட்டுகளும் ஒரே நாடகத்துக்குள் முரணின்றி அமைந்தது, புலமையும் லயஞானமும் ஒருவரிடமே கூடியிருந்ததால்தான்.

பெரியவர்கள் நடித்த கம்பெனிகளில் அவருக்குக் கிடைத்த அனுபவம் கசப்பானது. புகழ்பெற்ற நடிகர்கள் எழுதிக்கொடுத்த வசனத்தைப் புறக்கணித்து, மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்கும் வாதங்களில் இறங்குவதும், ஒழுங்குக்குக் கட்டுப்பட மறுப்பதும் அந்நாளில் வழக்கமாக இருந்தன. சிறுவர்களையே கொண்டு நடத்தப்பெறும் ‘பாலர் சபை’ என்னும் அமைப்பு இதற்கு விடையாகத் தோன்றியது. சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், டி. கே. எஸ். சகோதரர்கள் அதில் மாணவர்களாகச் சேர்ந்தபோது, அவர்களுள் டி. கே. சண்முகத்துக்கு வயது ஆறு. அச்சிறுவன் அபிமன்யுவாக நடிப்பதற்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதைச் சண்முகமே தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். மாணவனின் குரலையும் நினைவாற்றலையும் அளந்தறிந்து, அவற்றுக்கேற்பப் பாடம் எழுதிய ஆசிரியர் என்ற வகையில் சுவாமிகளுக்கு ஒப்பானவரைத் தமிழ் மேடையில் காண்பது அரிது.

சபை வாழ்க்கை ஏறத்தாழ குருகுல வாழ்க்கையாகவே இருந்தது. சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கினர். சாதகம், பாடம் ஒப்பித்தல், ஒத்திகை என்று பகல் கழிய, இரவில் நாடகம் நடந்தது. இராஜபார்ட் எனப்படும் தலைமை ஆண் வேடம், ஸ்திரீபார்ட் எனப்படும் பெண் வேடம், பபூன் எனப்படும் நகைச்சுவை வேடம் ஆகிய அனைத்தையும் சிறுவர்களே ஏற்றனர். பருவ வயதில் குரல் உடைவதை நாடக உலகினர் ‘மகரக்கட்டு’ என்பர். உச்சக் குரலில் எட்டிப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு மகரக்கட்டு வந்தவுடன், பெண் வேடமும் பாட்டும் அவன் கையைவிட்டுப் போய், அவன் சில்லறை வேடங்களுக்குத் தள்ளப்பட்டான். முறையான பள்ளிப் படிப்பும் இன்றி, பெற்றோரைப் பிரிந்து, சில இடங்களில் பிரம்படியும் தாங்கி வளர்ந்த அப்பிள்ளைகளின் துயரத்தை, பாலர் சபைகளின் கலைப்பெருமையைப் பேசுவோர் மறைத்துவிடலாகாது. வறுமையே பெரும்பாலான குடும்பங்களைத் தம் பிள்ளைகளைக் கம்பெனியில் சேர்க்கத் தூண்டியது.

சுவாமிகளுக்குப் பிறகும் அக்கல்வி தொடர்ந்தது. எம். கந்தசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜுவின் புதினங்களை நாடகமாக்கிப் பயிற்றுவித்ததன் வாயிலாகச் சமூகக் கதைகளை மேடைக்குக் கொணர்ந்தார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் காளி என். ரத்தினம் வாத்தியாராக இருந்தார், எம். ஜி. இராமச்சந்திரனும் பி. யு. சின்னப்பாவும் அங்கே உருவானவர்கள். தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய 1931க்குப் பின், தெளிந்த உச்சரிப்பும் பாடும் திறமும் மனப்பாட வலிமையும் கொண்ட நடிகர்கள் படத்துறைக்கு ஆயத்தமாகக் கிடைத்தமைக்கு, பெயர்கூட நினைக்கப்படாத பல வாத்தியார்களின் உழைப்பே காரணமாகும்.

சுவாமிகள் தம் இறுதிக்காலத்தில் பக்கவாதத்தால் கை கால் செயலிழந்து, பேச்சும் தடைப்பட்ட நிலையிலும் சபையை விட்டு நீங்கவில்லை. குழுவோடு ஊர் ஊராக உடன் சென்றவர், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார்.

திருமணமே செய்துகொள்ளாத அவருடைய உண்மையான வாரிசு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று கூறுவது மிகையாகாது. இது நிலையான குழுவொன்று இன்றி, வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தமாகும் நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் அன்றிரவே ஒன்றுசேர்ந்து நடத்தும் நாடகமாகும். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ முதலிய சுவாமிகளின் நாடகப் பாடம் அனைவருக்கும் பொதுவாக இருப்பதாலேயே, முன்பின் பழகாத முருகனும் வள்ளியும் தினைப்புனக் காட்சியில் நெடுநேரம் தர்க்கம் செய்ய முடிகிறது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி வட்டாரங்களில் கோவில் திருவிழாக்களை ஒட்டி இன்றும் இந்நாடகங்கள் நடைபெறுகின்றன. இவற்றில் மேடையின் ஓரத்தில் அமர்ந்து, நடிகர் விட்ட அடியை எடுத்துக்கொடுத்து, சுருதி பிசகும்போது குரலால் தாங்கிப்பிடிக்கும் ஆர்மோனியப் பின்பாட்டுக்காரரே வாத்தியாரின் பொறுப்பைப் பெரிதும் ஏற்றிருக்கிறார். புதிதாக வருவோர் பாடம் கேட்பதும் பெரும்பாலும் இத்தகைய அனுபவசாலிகளிடமேயாகும்.